ஹார்டு டிஸ்க் மறைந்து மறைந்து வந்தால்: டிரைவரைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், அண்ணாச்சி. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று பல வருடப் படங்கள் மேசைக் கணினிக்குள் இருக்கும் 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் கிடக்கின்றன. பெரிய ஃபோல்டரை நகலெடுத்தால் கணினி கொஞ்ச நேரம் அப்படியே உறைந்து நிற்கிறது, பிறகு தானாக ஓடுகிறது. சில நேரம் அந்த டிஸ்க்கே காணாமல் போய், மறுபடி இயக்கினால் திரும்பி வருகிறது. சத்தம் எதுவும் இல்லை. சர்வீஸ் செய்பவர் "டிரைவர் போய்விட்டது" என்று சொல்லி, டிரைவர்களைப் புதுப்பிக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு தொல்லை கூடியிருக்கிறது. இப்போது ஃபார்மேட் செய்யச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

ஃபார்மேட் செய்யாதீர்கள். டிஸ்க்கின் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் நிரலான செக்டிஸ்க்கும் ஓட்டாதீர்கள். "டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். படங்களின் இன்னொரு பிரதி கைக்கு வரும் வரை அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட புதிதாக எழுதப்படக் கூடாது. ஊரார் வீட்டுக் கல்யாணங்கள் உங்களை நம்பி அதில் இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டிரைவர் என்பது விண்டோஸுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நிற்கும் நிரல். "இந்த இடத்தில் இருப்பதைப் படித்துக் கொடு" என்று விண்டோஸ் கேட்கிறது. டிரைவர் அதைக் கட்டளையாக்கி, மதர்போர்டில் உள்ள கன்ட்ரோலர் வழியாக டிஸ்க்குக்கு அனுப்புகிறது. குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் இணைப்பைத் துண்டித்து மறுபடி தொடங்குகிறது. நீங்கள் பார்க்கும் உறைதல் அந்தக் காத்திருப்புதான். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மடை திறப்பவரை மாற்றிப் பயனில்லை; அணைக்கட்டில் தண்ணீர் இருக்கிறதா, வழியில் கரை உடைந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்போம் அல்லவா? இங்கேயும் டிஸ்க், கேபிள், மின்சாரம் மூன்றையும் பார்த்த பிறகுதான் டிரைவர் மேல் கை வைக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

டிரைவர் சும்மா காத்திருப்பதில்லை, ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். கணினி உறைந்த நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்த நிமிடத்துக்குப் போனால் மஞ்சள் முக்கோணமோ சிவப்பு வட்டமோ போட்ட வரிகள் இருக்கும். அவற்றின் எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

129 என்றால், டிஸ்க் பதில் சொல்லவில்லை, டிரைவர் இணைப்பை மறுபடி தொடங்கியது என்று பொருள். அந்த வரியில் 'ரெய்டு போர்ட் 0' என்பது போல் இருக்கும். ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை. "நான் ரெய்டே போடவில்லையே" என்று பலர் குழம்புகிறார்கள். விண்டோஸின் சேமிப்பு டிரைவர் எல்லாக் கன்ட்ரோலருக்கும் வைக்கும் பொதுப் பெயர் அது. 153 என்றால் ஒரு கட்டளையைத் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது. 7 என்றால் டிஸ்க்கில் ஒரு பகுதியைப் படிக்கவே முடியவில்லை. 11 என்றால் கன்ட்ரோலர் பிழை. 157 என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் துண்டிக்கப்பட்டது. 55 என்றால் கோப்பு முறைமையின் அட்டவணையில் கோளாறு.

இவற்றில் எனக்கு மிகவும் உதவுவது 153. எந்த டிஸ்க், அதில் எந்த இடம் என்பதையும் அந்த வரியே சொல்லிவிடும். நான்கைந்து வரிகளைத் திறந்து அந்த இட எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே வட்டாரத்து எண்களாக இருந்தால் டிஸ்க்கின் பரப்பில் அந்தப் பகுதி கெட்டுக்கொண்டிருக்கிறது. எண்கள் டிஸ்க் முழுவதும் சிதறிக் கிடந்தால் பரப்பின் மேல் சந்தேகம் குறையும், கேபிளின் மேலும் மின்சாரத்தின் மேலும் கூடும். எதையும் கழற்றாமல், எதையும் எழுதாமல் கிடைக்கும் தடயம் இது.

அடுத்து டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்கு. எல்லா ஹார்டு டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் உடல்நிலையைப் பதிவு செய்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். மேலே நீல நிறத்தில் 'குட்' என்று இருப்பதை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். கீழே உள்ள பட்டியலில், மூல மதிப்பு காட்டும் கடைசி நெடுவரிசைதான் முக்கியம். அது முதலில் பதினாறடிமான எண்ணாகத்தான் தெரியும். அங்கே 10 என்று இருந்தால் உண்மையில் 16. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பட்டியலில் எண்கள் பதினாறடிமானத்தில் 05, சி5, சி6, சி7 என்றும் இருக்கும். நம் கணக்கில் அவை 5, 197, 198, 199. ஐந்தாவது, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (தரவு எழுதப்படும் சிறு கட்டங்களின்) எண்ணிக்கை. 197, படிக்கச் சிரமப்பட்டு இன்னும் முடிவெடுக்கப்படாமல் நிற்கும் செக்டர்கள். 198, சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றும் பூச்சியமாக இருப்பதுதான் நல்லது. 197 பூச்சியத்துக்கு மேல் இருந்து, நாளுக்கு நாள் ஏறினால், அந்த டிஸ்க்கை இனி வேலைக்கு நம்பக் கூடாது. முதல் எண்ணும் ஏழாம் எண்ணும் சீகேட் டிஸ்க்குகளில் கோடிக்கணக்கில் காட்டும். அந்த நிறுவனம் அவற்றை வேறு விதமாகக் கணக்கிடுகிறது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

199 தனி ரகம். கேபிள் வழியாகப் போகும் தரவு வந்துசேர்ந்ததும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கப்படுகிறது. பிழை இருந்தால் திரும்ப அனுப்பப்பட்டு, இந்த எண் ஒன்று கூடுகிறது. கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது. அதனால் இன்று எவ்வளவு இருக்கிறது என்பதைவிட நாளை கூடுகிறதா என்பதே கேள்வி. இப்போதைய எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, கேபிளை மாற்றி, சில நாள் வேலைக்குப் பிறகு பாருங்கள். அசையாமல் நின்றால் குற்றவாளி பழைய கேபிளோ அதைச் செருகியிருந்த துளையோதான்.

டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் இந்த சாட்டா கேபிள் இவ்வளவு முக்கியமா என்று நினைக்காதீர்கள். கணினிக்குள் இருக்கும் சாட்டா இணைப்பான் சுமார் 50 முறை செருகி எடுப்பதற்கு என்றே வடிவமைக்கப்பட்டது. தூசி துடைக்க, ரேம் மாற்ற என்று அடிக்கடி திறக்கப்படும் கடைக் கணினியில் அது சீக்கிரம் தளர்ந்துவிடும். முனையில் உலோகக் கொக்கி இல்லாத பழைய கேபிள் என்றால் மின்விசிறியின் அதிர்விலேயே மெல்ல நழுவும். திருநெல்வேலியில் வண்ணார்பேட்டைக்கோ ஜங்ஷனுக்கோ போகும்போது கொக்கி வைத்த புதிய கேபிள் ஒன்று வாங்கி வாருங்கள். மாற்றும்போது மதர்போர்டில் வேறொரு சாட்டா துளையில் செருகுங்கள். பழைய துளையில் கோளாறு இருந்தாலும் அதுவும் விலகிவிடும். ஒரு எச்சரிக்கை: பல மதர்போர்டுகளில் எம்.2 என்ற துளையில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத டிஸ்க், போட்டால் சாட்டா துளைகளில் ஒன்றிரண்டு செயலிழக்கும். புதிதாக எம்.2 போட்ட நாளிலிருந்து டிஸ்க் தெரியவில்லை என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மின்சாரத்தைப் பற்றி நம் பக்கத்தில் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். சாரல் காலத்தில் காற்றுக்கும் ஐப்பசி கார்த்திகையில் இடிமழைக்கும் கரண்ட் எத்தனை முறை போய் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். யுபிஎஸ் பேட்டரி கிழடாகிவிட்டால் மாறும் அந்த நொடியில் மின்னழுத்தம் சரிகிறது. மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் வேண்டும். தட்டைச் சுழற்றும் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுகிறது. கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி தளர்ந்து அந்த 12 சரியும்போது சுழற்சி தடுமாறி, டிஸ்க் தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்கிறது. விண்டோஸுக்கு அது டிஸ்க் காணாமல் போனதாகத் தெரிகிறது. பார்ப்பவர் டிரைவரைக் குறை சொல்கிறார்.

மல்டிமீட்டர் இருந்தால் இதை நீங்களே பார்த்துவிடலாம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பயன்படுத்தாத நான்கு முனை இணைப்பான் ஒன்றை எடுங்கள். கறுப்பு ஒயரில் மீட்டரின் கறுப்பு முனை, மஞ்சள் ஒயரில் சிவப்பு முனை: 12 வோல்ட். அடுத்து சிவப்பு ஒயரில்: 5 வோல்ட். ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை, 4.75 முதல் 5.25 வரை. கணினி சும்மா இருக்கும்போது அளந்தால் போதாது. இன்னொரு டிஸ்க்கில் பெரிய வீடியோ ஒன்றை ஏற்றுமதி செய்யவிட்டு, சுமை ஏறியிருக்கும் நேரத்தில் அளவுகளைக் கவனியுங்கள். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் சின்ன அடாப்டர் உங்கள் டிஸ்க்குக்குப் போட்டிருந்தால் அதைக் கழற்றி, நேராக சாட்டா மின்கம்பியிலேயே கொடுங்கள். அச்சில் வார்த்த மலிவான அடாப்டர்கள் சூடேறி உருகியிருக்கின்றன.

தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்க உதவும் சிஎம்ஓஎஸ் பேட்டரியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இரவில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். காலையில் கணினி பழைய தேதியைக் காட்டினால் அதுதான் அறிகுறி. பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் நிரல்) அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்போது, டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா நிலை ஏஹெச்சிஐயிலிருந்து வேறொன்றுக்கு மாறியிருக்கலாம். விண்டோஸ் தொடங்கும்போதே நீலத்திரை வந்து, துவக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று சொன்னால், விண்டோஸை மறுபடி நிறுவ ஓடாமல் பயாஸில் அந்த ஒரு வரியைப் பாருங்கள். ஒரு சின்ன பேட்டரிக்காகக் கணினியையே கலைத்துப் போட வேண்டாம்.

இனி டிரைவருக்கு வருவோம். உங்களுக்குப் போட்டுக்கொடுத்த அந்தப் புதுப்பிப்பு மென்பொருளை முதலில் நீக்குங்கள். அந்த வகை மென்பொருள்கள் "உங்கள் டிரைவர் மிகவும் பழையது" என்று பயமுறுத்துகின்றன. கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட் டிரைவரின் தேதி 21 ஜூன் 2006 என்று இருப்பதைக் காட்டுவார்கள். விண்டோஸோடு வரும் டிரைவர்களில் மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே போட்டு வைக்கும் தேதி அது. கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் டிரைவர் இருந்தால் அதற்கு முன்னுரிமை கிடைக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நிரல் எவ்வளவு புதியது என்பதைப் பதிப்பு எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தேதியை வைத்துப் பயம் காட்டுபவரிடம் உங்கள் கணினியைக் கொடுக்காதீர்கள்.

டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ ஏடிஏ கன்ட்ரோலர்கள் என்ற பகுதியை விரியுங்கள். 'ஸ்டாண்டர்டு சாட்டா ஏஹெச்சிஐ கன்ட்ரோலர்' என்று இருந்தால் விண்டோஸின் சொந்த டிரைவர் ஓடுகிறது. உங்களைப் போன்ற ஒற்றை டிஸ்க் வேலைக்கு அதுவே போதும். வேறு பெயர் இருந்தால், புதுப்பிப்பு மென்பொருள் மாற்றிவிட்டிருக்கலாம். வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் தாவல், அதில் 'ரோல் பேக் டிரைவர்'. அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் 'அப்டேட் டிரைவர்' என்பதில் போய், கணினியில் ஏற்கெனவே உள்ள பட்டியலிலிருந்து ஸ்டாண்டர்டு ஏஹெச்சிஐயைத் தேர்ந்தெடுக்கலாம். ரெய்டு நிலையில் இயங்கும் கணினியில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, விண்டோஸ் தொடங்காமல் போகும். பயாஸில் ஏஹெச்சிஐ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, படங்கள் உள்ள டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

மாற்றிய பிறகு ஷட்டவுன் கொடுத்து அணைத்து எழுப்பிச் சோதிப்பவர்கள் பலர். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸின் அடிப்படையும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படுகின்றன. முழுதாகப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுங்கள். நீங்கள் மறுபடி இயக்கினால் டிஸ்க் திரும்பி வருகிறது என்கிறீர்கள். அது ரீஸ்டார்ட்டிலா, ஷட்டவுன் செய்து எழுப்பும்போதா என்று கவனித்தாலே ஒரு தடயம் கிடைக்கும்.

டிரைவர் தரப்பில் உண்மையிலேயே பிழை இருக்கக்கூடிய இடம் மின்சிக்கன அமைப்பு. வேலை இல்லாத நேரத்தில் டிரைவர் சாட்டா இணைப்பைத் தூங்க வைக்கிறது. சில டிஸ்க்குகளும் எஸ்எஸ்டிகளும் அந்தத் தூக்கத்திலிருந்து நேரத்துக்கு எழுவதில்லை, உடனே 129 பதிவாகிறது. பவர் ஆப்ஷன்ஸில் ஹை பெர்ஃபார்மன்ஸ் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஹார்டு டிஸ்க்கை அணைக்கும் நேரத்தை 'நெவர்' என்று வைத்துப் பாருங்கள். சும்மா இருந்துவிட்டு வேலையைத் தொடங்கும்போது மட்டும் உறைகிறது என்றால் இது பலன் தரும். உங்களுக்கோ நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே உறைகிறது. ஆகவே இதை முதல் காரணமாக நான் கருதவில்லை.

நகலெடுப்பதற்கு வருவோம். 5, 197, 198 மூன்றும் பூச்சியமாக இருந்தால் கேபிளை மாற்றிய கையோடு புதிய டிஸ்க் ஒன்றுக்குச் சாதாரணமாக நகலெடுங்கள். ஈடு செய்ய முடியாத படங்கள் முதலில், பெரிய வீடியோக்கள் கடைசியில். 197இல் எண் இருந்தால் விண்டோஸில் இழுத்துப் போட்டு நகலெடுக்க வேண்டாம். கெட்ட இடத்தில் போய் முட்டி முட்டி, அதுவே டிஸ்க்கை முடித்துவிடும். லினக்ஸ் போட்ட யுஎஸ்பியிலிருந்து கணினியை எழுப்பி, டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் டிஸ்க்கை முழுதாகப் பிரதி எடுங்கள். அது எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்புகிறது. எதுவரை எடுத்தோம் என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிரதி எடுக்கும் டிஸ்க் அசலுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். எது மூலம், எது பிரதி என்பதை டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணை வைத்து உறுதி செய்த பிறகே கட்டளையைக் கொடுங்கள். மாறிப்போனால் காலியான டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும்.

பிரதி முடிந்ததும் அசலைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். கோப்பு அட்டவணையில் கோளாறு இருந்து செக்டிஸ்க் ஓட்ட வேண்டுமானால் அந்தப் பிரதியில் ஓட்டுங்கள். அது உடைந்த கோப்புகளைப் பெயரில்லாத துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடுவதுண்டு. அசல் தனியே இருந்தால் அதனால் நஷ்டமில்லை. அசலையும் பிரதியையும் ஒரே நேரத்தில் விண்டோஸில் மாட்டாதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் ஒன்றை விண்டோஸ் ஆஃப்லைனில் வைத்துவிடும். அதைப் பார்த்து மறுபடி டிஸ்க் போய்விட்டது என்று பயந்துவிடுவீர்கள்.

டக் டக்கென்று சத்தம் வரத் தொடங்கினால் இங்கே எழுதியது எதுவும் பொருந்தாது. உடனே மின்சாரத்தைத் துண்டித்துத் தரவு மீட்பு செய்பவர்களிடம் கொண்டுபோக வேண்டும். படிக்கும் முனை தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. கடையில் வைத்து மூடியைத் திறந்தால் விழும் தூசி அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் புகுந்த வீடுகளில் கணினியை வெயிலில் காயவைத்து இயக்கிப் பார்த்தார்கள். பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகளில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு, அதன் வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரமே கொடுக்கக் கூடாது.

வெளியில் செருகும் டிஸ்க் உங்களிடம் இருந்தால் அதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். அது தெரியவில்லை என்று பெட்டியை உடைத்து டிஸ்க்கை நேராக சாட்டாவில் மாட்டும்போது, 'ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று வரலாம். சில பெட்டிகளில் உள்ள சர்க்யூட் செக்டர் அளவை மாற்றிக் காட்டுகிறது, சிலவற்றில் தரவை மறையாக்கமும் செய்கிறது. படங்கள் அழிந்துவிடவில்லை, அதே பெட்டியில் திரும்ப வைத்தால் படிக்கும். அந்தச் சர்க்யூட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெட்டியை உடைப்பதற்கு முன் கணினியின் பின்பக்கத் துளையில், வேறு கேபிளில் செருகிப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 துளை 900 தரும். டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் முன்பக்கத் துளையின் நீண்ட ஒயரில் அதுவும் குறைகிறது.

உங்கள் டிஸ்க்கில் சத்தம் இல்லை, திரும்பி வந்ததும் ஒழுங்காகப் படிக்கிறது, சுமை ஏறும்போதுதான் விழுகிறது. கேபிள் அல்லது 12 வோல்ட் என்று என் மனம் சொல்கிறது; அதற்கு மேல் தேவையில்லாத டிரைவர் ஒன்றையும் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஆனால் என் ஊகத்தை வைத்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். 5, 197, 198, 199 ஆகியவற்றின் இன்றைய மதிப்புகள், ஈவென்ட் வியூவரில் 153 வரிகளில் உள்ள இட எண்கள், டிவைஸ் மேனேஜரில் கன்ட்ரோலரின் பெயர் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். குறித்துக்கொண்ட பிறகு, என் பதில் வரும் வரை கணினியின் மற்ற வேலைகளைச் செய்துகொள்ளலாம். அந்த டிஸ்க்கின் சாட்டா கேபிள், மின்கம்பி இரண்டையும் கழற்றி வைத்துவிடுங்கள்.